நாலு சில்லிலும் முழங்கால்

மொன்றியலுக்கு வந்த முதல் வருடம் பனியைப் பார்த்து நான் அதிகம் திகைக்கவில்லை. எனக்கு முன்னே வந்தவர்கள் பனியைப் பற்றிச் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தியிருந்ததால், நேரில் பார்த்தபோது இவ்வளவுதானா என்றுகூட இருந்தது. என்னைத் திகைக்க வைத்தது நான் வேலைக்குச் சேர்ந்த டயர்க் கடை. ஒரு குறையும் இல்லாத பிக்கப் ஒன்றை ஒருவர் ஓட்டிக்கொண்டு வருவார். இதை உயர்த்த வேண்டும் என்பார். அச்சுக்கு மேலே கட்டை கொடுத்து உயர்த்துவோம். போதாது, இன்னும் பெரிய டயர் பூட்டுங்கள் என்பார். பூட்டுவோம். எல்லாம் முடிந்த பிறகு, தன் வண்டிக்குள் தானே ஏற முடியாமல் சற்று நேரம் நின்று யோசித்துவிட்டு, கதவுக்குக் கீழே பொருத்த ஓர் இரும்புப் படியும் வாங்கிக்கொண்டு போவார்.

எதற்கு இந்த உயரம் என்று முதலாளி ரெஜானிடம் கேட்டேன். என் பிரெஞ்சு அப்போது பாலர் வகுப்பைத் தாண்டாத பிரெஞ்சு.

“சேற்றுக்குள் போவதற்கு” என்றார்.

“சேற்றைக் கடந்து போவதற்கா?”

“கடப்பதற்கு இல்லை. உள்ளே போவதற்கு.”

எனக்கு மொழி விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு மற்ற வேலைக்காரர்களிடம் விசாரித்தால், உண்மையாகவே அப்படித்தான். இவர்கள் சனி ஞாயிறில் நகரத்தைவிட்டு வெகுதூரம் ஓடிப்போய், நல்ல சேறாகப் பார்த்து வண்டியை இறக்கி, புதையவிட்டு, ஒருவரையொருவர் கயிறு கட்டி இழுத்து, சந்தோஷமாக வீடு திரும்புகிறார்கள். மன்னாரில் நான் கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜராக இருந்தவன். மாரி பிறந்தால் அரிசி லொறி ரோட்டில் புதையாத வாரம் கிடையாது. மனேஜர் என்ற மரியாதையை ரோட்டோரம் கழற்றி வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு நானும் தள்ளியிருக்கிறேன். அந்தச் சேற்றிலிருந்து தப்பி, எத்தனையோ கடவுள்களின் தயவில் கனடா வந்து சேர்ந்தவனுக்கு, சேற்றுக்குப் போகிறவர்களின் வண்டியை உயர்த்திக்கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது. விதியைக் குறைசொல்ல வேண்டாம். அதற்கும் கொஞ்சம் பகிடி தெரியும்.

அந்தக் கடையில் இன்னொரு அதிசயம், வேலைக்காரர்களின் பக்தி. நான் சிறுவயதில் பூசைக்கு உதவி செய்தவன். பூசையில் கொடுக்கிற அப்பமான ஓஸ்தி, திருப்பாத்திரம், நற்கருணைப் பேழை எல்லாம் எனக்குப் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ரெஜானின் விரலில் வண்டி தூக்கும் ஜக் விழுந்தது. “ஓஸ்தி!” என்று கத்தினார். எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் ஊர்க் கோயிலில் சொல்கிற அதே சொல்! தொடர்ந்து பேழையையும் பாத்திரத்தையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். வேதனையிலும் பீடத்தை மறக்காத மனிதர் என்று அன்றிரவு அறையில் என்னோடு இருந்தவர்கள் எல்லோருக்கும் புகழ்ந்து சொன்னேன். அவையெல்லாம் இந்த நாட்டின் கெட்ட வார்த்தைகள் என்று தெரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. எங்கள் தூஷணங்களெல்லாம் உடம்பைச் சுற்றியே இருக்கும். இவர்கள் கோயிலைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். அவரவர் எதை நெருக்கமாக வைத்துப் பயந்தார்களோ, அதுதான் வாயில் வருகிறது போலும்.

எண்பதுகளின் நடுவில், மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் மன்னார்ச் சனம் ஒரு தமிழ்ப் பூசைக்குப் போதுமான அளவு சேர்ந்துவிட்டது. அங்கிருந்த கோயிலின் வயதான பிரெஞ்சுப் பாதருக்கு எங்களைக் கண்டதில் பெரிய ஆறுதல். அவருடைய சொந்தச் சனம் கோயிலைக் கைவிட்டு வருடங்களாகியிருந்தன. அவ்வளவு பெரிய கோயிலில் அவர் நாலைந்து கிழவிகளுக்குப் பூசை வைத்துக்கொண்டிருந்தார். மாதாவின் ஆவணித் திருநாளைக் கொண்டாடலாமா, மாதாவைக் கூட்டில் வைத்து இரண்டு தெரு சுற்றலாமா என்று கேட்டபோது, கேள்வி முடிவதற்குள் தலையாட்டிவிட்டார்.

கூடு என்றால் என்னவென்று மற்ற ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். மாதாவின் சுருவத்தை, அதாவது சிலையை, வைத்து, பூவும் துணியும் விளக்குமாகச் சோடித்து, தோளில் தூக்கிவருகிற சிறு மண்டபம் அது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நேர்த்திக்கடன் வைத்தவர் வாசலில் வந்து நின்றால், தூக்குகிறவர்கள் கூட்டைத் தோளிலிருந்து இடுப்பளவுக்கு இறக்குவார்கள். நேர்த்திக்காரர் மாதாவின் பாதத்தில் கைவைத்துச் செபித்து முடிக்கும்வரை, தங்கள் கை நடுங்கினாலும் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஏறிப்போய்த் தொடுவது எங்களிடம் இல்லை. அம்மாதான் இறங்கிவர வேண்டும்.

பிலோமினாக்கா அந்த வருடம் நேர்த்தி வைத்திருந்தா. எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் மகளோடும் மருமகனோடும் இருந்தா. பகலில் உடுப்புத் தைக்கும் ஃபக்டரி, மற்ற நேரம் பேரப்பிள்ளைகள். அவவின் ஒரே மகன் அன்ரனை ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமி கொண்டுபோயிருந்தது. உயிரோடிருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. “நல்லதோ கெட்டதோ, எனக்கு ஒரு சேதி தா எண்டு கேக்கப்போறன். பாதத்தில கை வச்சுக் கேட்டா அவ இல்லையெண்ண மாட்டா” என்று படிக்கட்டில் காணும்போதெல்லாம் சொல்லுவா. அந்தத் திருநாளில் எனக்குக் கூட்டமும் கொடியும் பெரிதாகப் படவில்லை. அந்தக் கை பாதத்தில் படவேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் தோளில் வந்தது. கூடு தூக்கக்கூடிய வயதுத் தோள்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை டோர்வல் விமான நிலையத்தில் வேலையில் இருந்தன. பாதித் தோள்கள் பிளேனில் பெட்டி ஏற்றின. மீதி சாப்பாட்டுத் தட்டு அடுக்கின. மிஞ்சியவை இடுப்பு வலிக்காரரின் தோள்கள். திருநாள் குழுவின் தலைவர் மரியநாயகம் மாஸ்டர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வண்டிதான் வழி என்று முடிவெடுத்தார். அதோடு அவருக்கு வேறொரு கவலையும் இருந்தது. ஊரில் மாதா வரும்போது மாடியில் நிற்பவர்கள் கீழே இறங்கிவிடுவார்கள். அவவுக்கு மேலே தலை இருக்கக்கூடாது. பார்க் எக்ஸ்டென்ஷனிலோ வீட்டுக்கு வீடு வெளியே வளைந்த படிக்கட்டு, மூன்றாம் மாடியில் பல்கணி, பல்கணி நிறையக் கிரேக்கச் சனம். அவர்களை யார் இறக்குவது?

“சனத்தை இறக்கேலாது. அப்ப மாதாவைத்தான் உயர்த்தவேணும்” என்றார் மாஸ்டர். வண்டி பார்ப்பதற்காக நேரே எங்கள் கடைக்கு வந்தார்.

அன்று கடையில் கயெத்தான் நின்றான். கூரை வேலை செய்கிறவன், முப்பது வயதிருக்கும், நல்ல குரல், நல்ல தொந்தி. பிக்கப்பை முந்தின வருடமே உயர்த்தியிருந்தான். இப்போது டயர் மாற்ற வந்து, பெரியதா, அதைவிடப் பெரியதா என்று முடிவெடுக்க முடியாமல் இரண்டையும் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் வண்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பெரிய டயரைக் கைத்தடியால் தட்டினார்.

“இதைப் போடச் சொல்லும்” என்றார் என்னிடம்.

“மாஸ்டர், அது அவரின்ர வண்டி.”

“ஓம், தெரியும். இதைப் போட்டா நல்லாயிருக்குமெண்டு சொல்லுமன்.”

சொன்னேன். தன் ரசனையை மதித்துக் கருத்துச் சொன்ன முதல் மனிதரைக் கயெத்தான் கட்டிப்பிடிக்காத குறை. பெரியதையே போடச் சொன்னான். அந்தச் சூட்டோடு நான் ஊர்வல விஷயத்தையும் என் பிரெஞ்சில் எடுத்துச் சொன்னேன். நாங்கள் ஒரு ‘பரேட்’ வைக்கிறோம், உன் வண்டி முன்னால் போக வேண்டும் என்றேன். பாட்டு இருக்குமா என்று கேட்டான். இருக்கும். சனம் வருமா? வரும். வண்டியில் பெண் நிற்பாளா? ஒருத்தி நிற்பா, நீலமும் வெள்ளையுமாக உடுத்து, தலையில் முடியோடு என்றேன். கண்ணடித்துச் சம்மதித்தான். நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்பதைப் பாவசங்கீர்த்தனத்திலும் உறுதியாகச் சொல்லுவேன்.

பெரிய டயரைப் பூட்டிச் சில்லை, அதாவது சக்கரத்தை, திருப்பிப் பார்த்தால், அதன் உள்பக்கம் வில்லுத்தகட்டில் உரசியது. டயரின் அகலம் அப்படி. இதற்கு ஸ்பேசர் என்று ஒன்று இருக்கிறது. ரொட்டி தட்டும் கல்லைப்போலக் கனத்த ஓர் அலுமினிய வட்டம். அச்சின் முகத்தில் அதை முறுக்கி, அதன்மேல் சில்லை முறுக்கினால், சில்லு அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். ரெஜானுக்கு ஸ்பேசர் பிடிக்காது. “சில்லும் அச்சும் ஒன்றையொன்று தொடாத வண்டி ஒரு வண்டியா?” என்று பேழையைச் சாட்சிக்கு அழைத்தார். ஆனாலும் பூட்டினோம். இப்போது உள்ளே உரசவில்லை. வெளியே மட்காட்டில் இடித்தது. உள்ளே இடமில்லையென்று வெளியே தள்ளினால் வெளியிலும் இடிக்கும் என்பது சொந்த அனுபவத்தில் எனக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். மட்காட்டின் விளிம்பை வெட்டினோம். கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு வந்து நட்டுகளை மறுபடி இறுக்கினோம். ஸ்பேசர் போட்டால் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சில்லு தன் பாட்டில் வேறு வழி போய்விடும்.

ரெஜான் இன்னொன்றும் சொன்னார். டயர் பெரிதானால் வண்டியின் மீட்டர் பொய் சொல்லும். சில்லு ஒரு சுற்றில் கூடுதலான தூரம் போகும். மீட்டருக்கோ பழைய டயரின் கணக்குத்தான் தெரியும். எவ்வளவு தூரம் வந்திருந்தாலும், குறைவாகத்தான் வந்திருக்கிறோம் என்றே அது காட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த மீட்டரை மிகவும் பிடித்துவிட்டது.

அன்று மாலை பிலோமினாக்கா என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டா. “வண்டி நல்ல உயரமெண்டு மாஸ்டர் சொல்றார். எனக்கு எட்டுமோ தம்பி?” பக்கத்தில் நின்ற மாஸ்டர் முந்திக்கொண்டு, “அதுக்கென்ன, ஏணி வைப்பம்” என்றார். அக்கா சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனா. அந்தச் செருகலைப் பார்த்த எனக்கு, ஏணி நடக்காது என்று விளங்கிவிட்டது.

திருநாளன்று கயெத்தான் தலையைப் படிய வாரி, டயர்களுக்குக் கறுப்புப் பொலிஷ் போட்டு, விசிலடித்துக்கொண்டு கோயில் முற்றத்துக்கு வந்தான். கூட்டை ஏற்றினோம். பெண்ணைத் தேடிக் கண்ணை ஓடவிட்டவன், மாதாவைக் கண்டதும் விசிலை நிறுத்தினான். கோபித்துக்கொண்டு போய்விடப்போகிறான் என்று நினைத்தேன். அவன் தொப்பியைக் கழற்றி முன்சீற்றில் எறிந்தான். “என் அம்மாவின் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. இதைவிடச் சின்னது” என்றான். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: எந்தச் சோடினையும் டயரை மறைக்கக்கூடாது. ஆகவே மேலே கடதாசிப் பூ, பட்டுச் சீலை, நத்தார் மரத்தில் தொங்கவிடும் கலர் பல்புகள். கீழே சேற்றுக்கென்று பிறந்த நாலு கரிய டயர்கள். இந்தக் கோலத்தில் எங்கள் மாதா பார்க் எக்ஸ்டென்ஷன் தெருவில் புறப்பட்டா.

மாஸ்டரின் கணக்கு ஓரளவு பலித்தது. முதலாம் மாடிக்காரர் மாதாவுக்குக் கீழே போனார்கள். மூன்றாம் மாடிக் கிரேக்கப் பெண்கள் மேலேயே நின்றார்கள். ஆனால் சிலுவை போட்டுக்கொண்டார்கள், அதுவும் எங்களுக்கு நேர்மாறாக, வலத்திலிருந்து இடத்துக்கு. “பரவாயில்லை, கிறிஸ்தவச் சனந்தான்” என்று மாஸ்டர் மன்னித்துவிட்டார். செபமாலை சொல்லிக்கொண்டு நாங்கள் நடக்க, கயெத்தான் ஜன்னலுக்கு வெளியே முழங்கையை விட்டுக்கொண்டு நத்தை வேகத்தில் ஓட்டினான். அந்த வண்டி பிறந்ததிலிருந்து அவ்வளவு மெதுவாகப் போனதில்லை.

எங்கள் கட்டட வாசலில் பிலோமினாக்கா நின்றா. காலையிலிருந்து பச்சைத் தண்ணியும் குடிக்காமல், வெறுங்காலோடு, கையில் மெழுகுதிரியோடு. வண்டி நின்றது. திரியை மகளிடம் கொடுத்துவிட்டு, கையை உயர்த்தினா. எட்டவில்லை. குதிக்காலைத் தூக்கினா. நாலு விரல் குறைந்தது. நாலே நாலு விரல்.

மாஸ்டர் ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். “வேண்டாம்” என்றா அக்கா. யாரோ கதிரை கொண்டுவந்தார்கள். அதற்கும் வேண்டாம். மருமகன் தூக்கிப் பிடிக்கிறேன் என்றான். அவனைப் பார்த்த பார்வையில் அவன் பின்னால் போய்விட்டான்.

“நான் ஏறிப்போய்க் கேக்கிறதெண்டா ஃபக்டரியில சூப்பர்வைசரிட்டயும் கேப்பன், மாஸ்டர். இவ இறங்கி வரோணும்.”

“கூட்டை நடுவழியில கிளப்பேலாது பிள்ளை, பூட்டிக் கட்டியாச்சு.”

“அப்ப நிக்கிறன்.”

நின்றா. கை உயர்ந்தபடியே இருந்தது. செபமாலை நின்றுவிட்டது. பின்னால் கார்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின. மாதாவை எவ்வளவு உயர்த்தலாம் என்று இரண்டு மாதம் கூட்டம் போட்டுக் கதைத்த எங்களில் ஒருவருக்கும், அவவை எப்படி இறக்குவது என்று யோசிக்கத் தோன்றவில்லை. அன்ரனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சங்கக் கடைக்குச் சீனி வாங்க வருவான்.

கயெத்தான் ஜன்னலால் தலையை நீட்டி என்ன பிரச்சினை என்றான். என் முழுப் பிரெஞ்சையும் திரட்டி விளக்கினேன். அந்த அம்மாவின் மகன் காணாமல் போய்விட்டான், அவ மாதாவின் காலைத் தொட வேண்டும், ஆனால் ஏறமாட்டா, வண்டிதான் பணிய வேண்டும். என்ன விளங்கியதோ தெரியாது. அக்காவின் கையைப் பார்த்தான், மாதாவின் பாதத்தைப் பார்த்தான், இடையில் இருந்த நாலு விரலை அளப்பதுபோலப் பார்த்தான்.

“நாலு விரலா? சேற்றில் செய்வதைச் செய்தால் சரி” என்று குதித்து இறங்கினான்.

சேற்றுக்குள் இறங்குமுன் அவர்கள் டயரின் காற்றைக் குறைப்பார்கள். டயர் பணிந்து பரந்தால் பிடிமானம் கூடும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருவில், மாதாவைச் சுமந்து நிற்கையில் அது என் மண்டைக்குள் வரவில்லை. கயெத்தான் முதல் சில்லின் முன்னால் முழங்காலில் இருந்து, வால்வ் மூடியைக் கழற்றினான். ஒருபக்கம் மட்டும் இறக்கினால் கூடு சரியும் என்பதால், ஒவ்வொரு சில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு சுற்றிவர வேண்டும். மூடிகள் இறுகிப்போயிருந்தன. விரல் நோகவே அவன் வழக்கம்போலப் பேழையையும் பாத்திரத்தையும் ஓஸ்தியையும் கூப்பிடத் தொடங்கினான்.

எங்கள் பெண்கள் பார்த்தது வேறு. ஒரு வெள்ளைக்காரன் மாதாவின் முன்னால் முழங்காலில் விழுகிறான். கண்ணை இறுக்கிக்கொண்டு ஓஸ்தியின் பெயரைச் சொல்கிறான். எழும்பிப் போய் அடுத்த சில்லிலும் முழங்காலில் இருக்கிறான்.

“பாருங்கோவன், நாலு சில்லிலும் முழங்கால் போட்டுச் செபிக்கிறார். எங்கட பெடியளுக்கு இந்தப் பக்தி வருமே?” என்றா ஒரு அம்மா. இரண்டு மூன்று பேர் அவனோடு சேர்ந்து முழங்காலில் இருந்தார்கள். மாஸ்டர் அருள்நிறைந்த மரியே என்று தொடங்கிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வது? பாதர் கோயிலில் கூப்பிட்டு வராத மனிதன், தெருவில் முழங்காலில் இருந்தான் என்பது உண்மைதானே.

சீ என்ற சத்தத்தோடு மாதா இறங்கினா. மிக மெதுவாக, தோளிலிருந்து இறங்குகிற கூடு மாதிரியே, ஒரு சிறு நடுக்கத்தோடு. ஒரு விரல், இரண்டு விரல். அக்காவின் கை பாதத்தில் படிந்தபோது அவவின் தோள்கள் குலுங்கின. நானும் அழுதேன், மறைக்கவில்லை. கயெத்தான் எழும்பி, முழங்காலைத் தட்டிக்கொண்டு, எங்கோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

சேதி அடுத்த வசந்தத்தில் வந்தது. அன்ரன் உயிரோடு இருந்தான். ஆமி வெளியில் விட்டதும் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், மண்டபம் அகதி முகாமில் இருக்கிறான் என்று அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். அக்கா கட்டடம் முழுவதற்கும் பாற்சோறு கொடுத்தா. அன்ரனைக் கனடாவுக்குக் கூப்பிடலாம் என்று மருமகன் ஓடித்திரிந்தபோதுதான் மிச்சச் சேதி வந்தது: அவன் அங்கே ஒரு பெண்பிள்ளையைக் கலியாணம் முடித்துவிட்டான். கடலுக்கு அந்தப் பக்கம் ஊர் இருக்கிறது, இதைவிட்டுத் தூரம் வரமாட்டேன் என்கிறான். அக்கா போகலாம் என்றால், இங்கே மகளுக்கு இரவு வேலை, பேரப்பிள்ளைகளுக்கு அக்காவின் கையால் ஊட்டினால்தான் சோறு இறங்கும்.

ஆவணி வந்தது. இம்முறை கயெத்தானே கடைக்கு வந்து, “அந்தப் பெண்மணியின் பரேட் எப்போது?” என்று கேட்டான். வண்டியை அவன் இறக்கியிருப்பான் என்று நினைத்தால், இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருந்தான். ஆனால் பற்றரியில் ஓடுகிற ஒரு சின்னக் காற்றுப் பம்பும் வாங்கி வைத்திருந்தான். இறக்கவும் வேண்டும், ஏற்றவும் வேண்டும், உங்கள் ஆட்களை எனக்குத் தெரியும் என்றான்.

கட்டட வாசலில் பிலோமினாக்கா போன வருடம் நின்ற அதே இடத்தில், அதே வெறுங்காலோடு நின்றா. கயெத்தான் நாலு சில்லிலும் முழங்கால் போட்டான். சனமும் சேர்ந்து போட்டது. அதற்குள் அது எங்கள் திருநாளின் வழக்கமாகியிருந்தது. மாதா இறங்கினா. அக்கா கை வைத்தா. பம்பின் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். நேரம் போனது. பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன.

“அக்கா, கேட்ட சேதிதான் வந்திட்டுதே. இப்ப என்ன நேர்த்தி?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அவனை இஞ்ச கொண்டுவா எண்டு கேக்கிறதோ, என்னை அங்க கொண்டுபோ எண்டு கேக்கிறதோ தெரியேல்ல தம்பி” என்றா, கண்ணைத் திறக்காமல். “அதால ஒண்டும் கேக்கேல்ல. கையைத்தான் வச்சிருக்கிறன்.”

கயெத்தான் ஜன்னலால் எட்டி, காற்றை அடிக்கலாமா என்று சைகை காட்டினான். பொறு என்று நான் கையைக் காட்டினேன். அவ்வளவு பெரிய வண்டி, பணிந்த டயர்களோடு, மேலேயும் போகாமல் முன்னேயும் போகாமல் தெருவின் நடுவில் நின்றது. அக்கா இன்னும் கையை எடுக்கவில்லை.